சொல்லாமல் விட்ட இடம்

போடியில் கட்சிக் கூட்டத்துக்கு அச்சடிக்கிற நோட்டீசுகளில் இருபது வருசமாக அருள்மொழியின் பெயர் ஒரே இடத்தில்தான் இருந்தது. நடுவில், கொட்டை எழுத்தில், ‘சிறப்புரை’ என்பதற்குக் கீழே. தேர்தல் அறிவித்த மறுவாரம் வந்த நோட்டீசில் அந்த இடத்தில் பவதாரணி என்று போட்டிருந்தது. அருள்மொழியின் பெயர் சில வரிகள் மேலே போய், ‘கருத்துரை’ வழங்கும் கும்பலில் ஒன்றாகச் சேர்ந்திருந்தது. நோட்டீசில் பெயர் மேலே ஏறினால் ஆள் கீழே இறங்கிவிட்டான் என்று அர்த்தம். கட்சிக்காரன் எவனுக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

“மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறாத அப்பு,” என்றார் நகரச் செயலாளர் வெள்ளைத்துரை. “மலையடிவாரத்துப் பொம்பளையாளுக ஓட்டு நமக்கு வேணும். அந்தப் பிள்ள பேசுனா நின்னு கேக்குதுக. நீயும் நல்லாத்தான் பேசுற. ஆனா நீ பேசுறப்ப டீ குடிக்கப் போயிருதுக.”

அருள்மொழி சிரித்து வைத்தான். நோட்டீசை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

நாற்பத்தாறு வயது அவனுக்கு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கணம் நடத்தினான். சாயங்காலமானால் மேடை. கிரேக்க நாட்டில் தொடங்கி, ரோமாபுரி வழியாக வந்து, எதுகை மோனையோடு போடியில் இறங்குவது அவன் பாணி. புள்ளிவிவரம் நுனி நாக்கில் நிற்கும். கைதட்டல் எந்த வரியில் விழும் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியும்.

பவதாரணி கட்சிக்கு வந்து இரண்டு வருசம்தான் ஆகிறது. ஏலக்காய் குடோன்கள் இருக்கிற தெருவில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருந்தாள். பி.ஏ. படித்தவள். புருசன் முத்துக்கண்ணன், தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு மேலே ஜீப்பு ஓட்டுகிறவன். அவளுடைய அம்மா முனியாயி உடம்பில் தெம்பு இருந்த காலம் முழுக்க அந்த மாதிரி ஜீப்பில் போய் ஏலக்காய் எடுத்தவள்.

அவளுக்கு ‘ழ’ வராது. ‘தமிள்’ என்றுதான் சொல்லுவாள். முதல் தடவை அவள் மைக்கைப் பிடித்தபோது அருள்மொழி அதைத்தான் கவனித்தான். இது தேறாது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனான். அடுத்த மாதம் அவள் பேசிய வீடியோ அவனுடைய மனைவி பானுப்பிரியாவின் ஃபோனுக்கே வந்துவிட்டது. அதை அவள் அடுப்படியில் சாய்த்து வைத்து, வெங்காயம் உரித்துக்கொண்டே மூன்று தடவை பார்த்தாள். அருள்மொழியின் பேச்சை அவள் கடைசியாக எப்போது முழுசாகக் கேட்டாள் என்று யோசித்துப் பார்த்தான். ஞாபகம் வரவில்லை.

*

பொட்டிபுரத்தில் அவள் கூட்டம் என்று தெரிந்து, யாருக்கும் சொல்லாமல் போனான். மேடைக்கு எதிரே போகாமல், மைக் செட்டு ஏற்றி வந்த வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு ஃபோனில் பதிவு போட்டான்.

அவள் சத்தம் போட்டே பேசவில்லை. கடைக்குத் துணி கொண்டு வந்தவளிடம் பேசுகிற மாதிரிதான் பேசினாள்.

“போன ஆடியில மெட்டு ரோட்டுல மண்ணு சரிஞ்சுச்சு. பாதி வழியில ஜீப்பு நின்னுபோச்சு. மழ. அந்த ஜீப்புல இருந்தது யாரு?”

நிறுத்தினாள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு முனகல் வந்தது.

“யாரு வந்து பாத்தா?”

“ஒருத்தரும் வரல,” என்று நாலைந்து குரல்கள் கேட்டன.

“நான் சொல்லல ஆத்தா, நீங்கதான் சொல்றீங்க. சரி, அதை விடுங்க. நம்ம வேட்பாளர் சுருளிவேல் அண்ணன் நல்லவரு வல்லவருன்னு நான் சொல்ல வரல. அவருக்கும் மேல தோட்டம் இருக்கு. அவரு தோட்டத்து ஜீப்புல எத்தன பேர ஏத்துறாக? மத்த ஜீப்புல எத்தன பேர ஏத்துறாக? அது உங்களுக்குத்தான் தெரியும்.”

அவ்வளவுதான். கூட்டம் முழுக்க ஒரு அசைவு ஓடியது. ஒருத்தி பக்கத்தில் இருப்பவளின் தொடையில் தட்டினாள். வேறொருத்தி தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தாள். கைதட்டல் இல்லை. அருள்மொழிக்கு விழுந்த கைதட்டல்களை எல்லாம் கூட்டி வைத்தாலும் அந்த அசைவுக்கு ஈடாகாது என்று அவனுக்கே பட்டது. எரிச்சல் புளியேப்பம் போல மேலே வந்தது.

வீட்டுக்கு வந்து பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான். அதில் ஒன்றுமே இல்லை. உவமை இல்லை, புள்ளிவிவரம் இல்லை, சுருளிவேலுக்கு ஓட்டுப் போடுங்கள் என்ற வார்த்தைகூட இல்லை. வெளியூர்க்காரன் கேட்டால் இந்தப் பெண் என்ன சொல்லிவிட்டாள் என்று இவர்கள் இப்படிக் கிறங்குகிறார்கள் என்று முழிப்பான்.

“சுருளிவேல் தோட்டத்து ஜீப்புல எத்தன பேர ஏத்துவாங்க?” என்று பானுப்பிரியாவிடம் கேட்டான்.

“உக்காரச் சீட்டு இருக்குற வரைக்கும்தான். மத்த வண்டியில அடச்சுல்ல கொண்டுபோறாக, பின்னால தொங்க விட்டு.” அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “இது தெரியாதா உங்களுக்கு?”

அவனுக்குத் தெரியாதுதான். இருபது வருசம் இந்த ஊர் மேடையில் பேசியிருக்கிறான். காலையில் அவன் எழுந்திருப்பதற்கு முன்னாலேயே அந்த ஜீப்புகள் போய்விடும்.

மறுநாள் வகுப்பில் தொகைநிலை நடத்தினான். “மலர்க்கண் என்றால் மலர் போன்ற கண். ‘போன்ற’ என்ற சொல் அங்கே இல்லை. இல்லாவிட்டாலும் நாம் படிக்கிறோம். ஏன்?” என்று வழக்கம்போலக் கேட்டான். “மறைஞ்சு நிக்குது சார்,” என்றார்கள் பிள்ளைகள் வழக்கம்போல. சாக்பீசோடு நின்றவனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அவள் சொல்லாமல் ஒரு இடத்தை விடுகிறாள். கேட்கிறவர்கள் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை எடுத்து அங்கே வைக்கிறார்கள். வைத்தது அவர்கள் என்பதால் அதை எதிர்த்துக் கேள்வி கேட்க அவர்களுக்கே தோன்றுவதில்லை. தான் இத்தனை வருசமும் எல்லாவற்றையும் தானே சொல்லி முடித்துவிட்டு, கேட்கிறவனுக்குக் கைதட்டுகிற வேலையை மட்டும் விட்டு வைத்திருந்தோம் என்று நினைத்துக்கொண்டான்.

புரிந்ததில் சந்தோசம் வந்திருக்க வேண்டும். எனக்குப் பாடமாகத் தெரிந்தது அவளுக்குச் சும்மாவே வருகிறதே என்ற எரிச்சல்தான் வந்தது.

*

போடி வள்ளுவர் சிலைப் பக்கம் பெரிய கூட்டம் போட்டார்கள். சுருளிவேல் மேடையில் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். அடிவாரத்து ஊர்களிலிருந்து வேன் வைத்துப் பெண்களைக் கொண்டுவந்திருந்தார்கள். பானுப்பிரியாவும் தெருப் பெண்களோடு வந்து முன்வரிசைக்குக் கொஞ்சம் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக வரமாட்டாள். பவதாரணியைக் கேட்கத்தான் வந்திருந்தாள் என்பது அருள்மொழிக்குத் தெரியும்.

அவனுக்கு அடுத்து பவதாரணி. அவளை மேடைக்கு அழைத்துவிட்டு அவன் உட்கார வேண்டும். அழைக்கிற அந்த வார்த்தைகளை மத்தியானமே கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருந்தான். ஒவ்வொரு சொல்லையும் தூக்கிப் பார்த்தான். எதிலும் குற்றம் இல்லை. பாராட்டுதான் இது என்று தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டான்.

“அடுத்துப் பேச வர்ற தங்கச்சி பவதாரணியப் பத்தி நான் சொல்லி உங்களுக்குத் தெரியணும்னு இல்ல,” என்றான் மைக்கில். “இந்த எடத்துக்கு வர எனக்கு எத்தனையோ வருசம் ஆச்சு. தங்கச்சி ரெண்டே வருசத்துல வந்துட்டாங்க. எனக்குத் தெரியாத வழி ஏதோ ஒண்ணு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

நிறுத்தினான். மெல்லத் திரும்பி சுருளிவேலைப் பார்த்தான். மறுபடியும் கூட்டத்தைப் பார்த்தான்.

“நம்ம வேட்பாளர் திறமைய எங்க கண்டாலும் விடமாட்டாரு. அது உங்களுக்கே தெரியும்.”

முதலில் ஆண்கள் பக்கத்தில் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. பிறகு பக்கத்தில், பிறகு நடுவில். வாயைப் பொத்திக்கொண்டு பெண்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அலை அலையாக மேடைக்கு வந்து மோதியது. அப்படி ஒன்றை அருள்மொழி வாழ்நாளில் அனுபவித்ததில்லை. உடம்பெல்லாம் சூடேறியது. வந்துவிட்டது, எனக்கும் இது வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே போய் உட்கார்ந்தான்.

பவதாரணி எழுந்து வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆடி மாச மண்சரிவிலிருந்துதான் ஆரம்பித்தாள். “அந்த ஜீப்புல இருந்தது யாரு?” என்று கேட்டு நிறுத்தினாள். முன்பு முனகல் வந்த இடத்தில் இப்போது எவனோ செருமினான். அதற்கும் சிரித்தார்கள். “அண்ணன் தோட்டத்து ஜீப்புல எத்தன பேர ஏத்துறாகன்னு உங்களுக்குத் தெரியும்,” என்றாள்.

“முன்சீட்டுல யார ஏத்துறாகன்னும் தெரியும்,” என்றது ஒரு குரல்.

திடல் குலுங்கியது. அவள் விட்ட அதே இடங்கள்தான். அதில் எடுத்து வைக்க அருள்மொழி வேறொரு பொருளை அவர்கள் கையில் கொடுத்திருந்தான். அவள் ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் அவர்கள் அதைத்தான் வைத்தார்கள். அவளுக்கு அது புரிந்தது. நிறுத்தாமல் பேசிப் பார்த்தாள். அது அவளுக்குப் பழக்கமில்லை, சொற்கள் முட்டிக்கொண்டன. பாட்டிலில் இருந்த தண்ணீரைக் குடித்தாள். ஓட்டுக் கேட்டுவிட்டு, பேச வேண்டிய நேரத்தில் பாதிக்கு முன்பே வந்து உட்கார்ந்தாள். அருள்மொழி பக்கம் திரும்பவே இல்லை.

மேடையை விட்டு இறங்கும்போது வெள்ளைத்துரை அவன் முதுகில் தட்டினார். “என்னப்பா, அப்படிப் போட்டுட்ட?”

“பாராட்டித்தானண்ணே பேசுனேன்.”

“பாராட்டுதான். யாரு இல்லேன்னா.” வெள்ளைத்துரை கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்.

வீட்டில் பானுப்பிரியா தட்டு வைத்தாள். இட்லியை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

“எப்படி இருந்துச்சு பேச்சு?” என்று அவனே கேட்டான்.

“சிரிச்சேன்,” என்றாள் அவள். “பக்கத்துல இருந்தவ சிரிச்சா, நானும் சிரிச்சேன். வர்ற வழியெல்லாம் எதுக்குச் சிரிச்சோம்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன். நீங்க அப்படி ஒண்ணும் சொல்லலதான். அப்ப அந்தக் கேவலமெல்லாம் எங்க மனசுல இருந்துதான வந்துருக்கணும்?”

“நீயா எதையோ நெனச்சுக்கிட்டா நான் என்ன செய்யிறது?”

“அதத்தான நானும் சொல்றேன்,” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

*

இரண்டு நாளில் அந்தச் சிரிப்பு மலையேறிவிட்டது. போடிமெட்டு ஜீப்பு ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்த முத்துக்கண்ணனிடம், “உன் வீட்டம்மாவுக்குச் சொந்தமா ஜீப்பு இருக்குறப்ப எதுக்குப்பா அடுத்தவன் ஜீப்பு?” என்று ஒரு டிரைவர் கேட்டிருக்கிறான். முத்துக்கண்ணன் டீக்கிளாசைக் கீழே வைத்துவிட்டு அவனை அடித்தான். பதிலுக்கு நாலு பேர் சேர்ந்து அவனை அடித்தார்கள். வலது முழங்கை முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். ஜீப்பு அவன் வீட்டு வாசலில் நின்றது.

சுருளிவேலின் வீட்டிலும் ஏதோ நடந்திருக்க வேண்டும். இனிமேல் அந்தப் பெண் தன் மேடையில் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டாராம். வெள்ளைத்துரை அருள்மொழியைக் கூப்பிட்டுவிட்டார். “மிச்ச கூட்டத்துக்கெல்லாம் நீதான் அப்பு சிறப்புரை. புது நோட்டீசு அடிக்கச் சொல்லிட்டேன்.”

பழைய இடம் திரும்பக் கிடைத்துவிட்டது. முதல் கூட்டம் தேவாரத்தில். அருள்மொழி கிரேக்கத்தை விட்டுவிட்டான். ஜீப்பைப் பற்றிப் பேசினான், மண்சரிவைப் பற்றிப் பேசினான். “எத்தன பேர ஏத்துறாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டு, அவள் நிறுத்துகிற மாதிரியே நிறுத்தினான். பெண்கள் பக்கம் பாதிக்கு மேல் நாற்காலிகள் காலியாக இருந்தன. இருந்தவர்களும் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் எப்போது முடியும் என்று தெரியாமல் அவனே அவசரமாக அடுத்த வரிக்குப் போனான். இந்த ஆளுக்கு ஜீப்பைப் பற்றி என்ன தெரியும் என்று அந்தப் பெண்கள் நினைப்பது மேடை வரைக்கும் கேட்கிற மாதிரி இருந்தது.

அவளை மேடையை விட்டு இறக்கியாயிற்று. எரிச்சல் மட்டும் இறங்கவில்லை. அவள் அந்த இடத்தில் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதுதான் வீடு வரும் வரைக்கும் மனசில் ஓடியது.

மறுநாள் காலையில் ஏலக்காய் குடோன் தெருவுக்குப் போனான். போகிற வழியில் இரண்டு தடவை வண்டியைத் திருப்பப் பார்த்தான். கடையில் பவதாரணி தனியாக மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. பெடலை மிதிப்பதையும் நிறுத்தவில்லை.

“முத்துக்கண்ணனுக்கு எப்படிம்மா இருக்கு?”

“கட்டுப் பிரிக்க நாளாகுமாம்.”

அருள்மொழி வாசலிலேயே நின்றான். “நான் தப்பா ஒரு வார்த்தை சொல்லல பவதாரணி. நீயே யோசிச்சுப் பாரு.”

“யோசிக்காம இருப்பேனாண்ணே? ராப்பகலா அதைத்தான் யோசிக்கிறேன். நீங்க ஒண்ணுமே சொல்லல. சொல்லியிருந்தீங்கன்னா, அது பொய்யின்னு நானும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். எதுக்குன்னு பதில் சொல்ல? நான் அப்படிப்பட்டவ இல்லேன்னு நானா மைக்கப் பிடிச்சுச் சொல்லணுமா?”

துணியை மிஷினிலிருந்து உருவினாள். “எங்கிட்ட இருந்துதான இதைப் படிச்சீங்க?”

அவன் தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“பொட்டிபுரத்துல வண்டிக்குப் பின்னால நின்னீங்க. மேடையில இருந்து பாத்தேன். அண்ணன் நம்ம பேச்சக் கேக்க வந்துருக்காருன்னு அன்னிக்குப் பெருமையா இருந்துச்சு.” கத்தரியால் நூலை நறுக்கினாள். “நானும் ஒண்ணும் பெரிய யோக்கியம் இல்ல. சுருளிவேல் அண்ணன் தோட்டத்துல ஜீப்புல ஆளு கம்மி. கூலியும் மத்த தோட்டத்த விடக் கம்மி. ஜீப்ப ஞாபகப்படுத்துனேன், கூலிய ஞாபகப்படுத்தல. அவுகளா அதை எடுத்து வைக்க மாட்டாகன்னு எனக்குத் தெரியும். எங்க அம்மாவே அந்தத் தோட்டத்துக்குப் போனவதான்.”

“இப்ப நான் என்ன செய்யணும்கிற?”

“மேடையில சொன்னது. கடை வாசல்ல வந்து நின்னா சரியாப் போகுமா?” என்றாள். “சோலி கெடக்குண்ணே. வெரசாக் குடுக்கணும் இந்தத் துணிய.”

*

பிரச்சாரம் முடிவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மலையடிவாரத்தில் முந்தலில் கூட்டம். மலையை விட்டு இறங்குகிற ஜீப்புகள் எல்லாம் அந்த வழியாகத்தான் வரும். சில ஜீப்புகள் ஓரமாக நின்றன. ஆட்கள் இறங்காமல் உட்கார்ந்தபடியே கேட்டார்கள். அருள்மொழி வேட்பாளரைப் பற்றிக் கொஞ்சம் பேசினான். பிறகு மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“போடிக் கூட்டத்துல பவதாரணியப் பத்தி நான் ஒரு பேச்சப் பாதியில விட்டேன். நீங்க சிரிச்சீங்க. என்ன நெனச்சுச் சிரிச்சீங்கன்னு எனக்குத் தெரியும். ஏன்னா அதை நீங்க நெனைக்கணும்னுதான் விட்டேன். வேட்பாளரோட தப்பா நடந்துதான் அவ மேடைக்கு வந்தாங்கிறது அதுக்கு அர்த்தம். அது பொய். அவ என்னைய விட நல்லாப் பேசுவா. அதனால வந்தா. எனக்குப் பொறுக்கல. அதனாலதான் அப்படிச் செஞ்சேன்.”

வெள்ளைத்துரை அவன் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். மேடையில் உட்கார்ந்திருந்த சுருளிவேலின் முகம் கறுத்துப் போனது. அருள்மொழி இருபது வருசத்தில் பேசிய பேச்சுகளில் ஒளிவு மறைவு இல்லாத பேச்சு அதுதான். அதற்கு ஒரு கை தட்டவில்லை.

“ஏன்யா, அணைஞ்சு கெடந்ததை ஊதி விட்டுட்டியே,” என்று மேடைக்குப் பின்னால் வெள்ளைத்துரை பல்லைக் கடித்தார். “ஊருல தெரியாதவனுக்கும் இப்பத் தெரிஞ்சிருச்சு.”

மறுநாள் காலையில் டீக்கடையில் அருள்மொழி காதுபடவே பேசிக்கொண்டார்கள். “சுருளிவேல்தான் சொல்லச் சொல்லியிருக்காரு. இல்லாட்டி எவனாவது மேடை ஏறி, எனக்குப் பொறாமைன்னு தானாச் சொல்லுவானா?” “ஒண்ணும் இல்லாமயா இவ்வளவு மெனக்கெடுறாங்க?” அருள்மொழி டீயை வாங்கிக் கையில் வைத்திருந்தான். வெட்ட வெளிச்சமாக, ஒரு சொல் மிச்சமில்லாமல் சொன்னதற்குள்ளும் அவர்களுக்கு ஒரு காலி இடம் தென்பட்டிருக்கிறது. அதில் எதை வைப்பது என்றும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் பாதி டீயை வைத்துவிட்டுக் கிளம்பினான்.

சுருளிவேல் ஜெயித்தார். வெற்றிக் கூட்டத்துக்கு அருள்மொழியைக் கூப்பிடவில்லை. பவதாரணியையும் கூப்பிடவில்லை. கட்சி நோட்டீசுகளில் அருள்மொழியின் பெயர் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. மேடைப் பேச்சுக்கு ஒரு கல்லூரிப் பையனைப் பிடித்திருந்தார்கள்.

முனியாயி மட்டும் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் பானுப்பிரியாவைப் பார்த்து, “உம் புருசன் சொன்னதக் கேள்விப்பட்டேன். சொன்னானே அதுவரைக்கும் சரி,” என்றாளாம். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லையாம். பவதாரணி பேசுகிறாளா என்று அருள்மொழி கேட்டான். “கடைக்குப் போனா எங்கிட்டப் பேசுறா. உங்களப் பத்திப் பேச்சே எடுக்க மாட்டா,” என்றாள் பானுப்பிரியா.

*

புரட்டாசியில் மேலே காய் எடுப்பு மும்முரமாக இருந்தபோது தோட்டத்துப் பெண்கள் கூலிக்காகக் கூடினார்கள். கட்சி இல்லை, கொடி இல்லை. போடியில் ஒரு மண்டபத்துக்கு முன்னால் சின்னதாக ஒரு மைக் மட்டும். பானுப்பிரியா போகிறேன் என்றாள். வண்டியில் கொண்டுவந்து விடுகிறேன் என்று அருள்மொழியும் வந்தான். விட்டுவிட்டுப் போகாமல் கூட்டத்தின் ஓரத்தில் நின்றான்.

முத்துக்கண்ணன் நாற்காலிகளை இடது கையால் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். பவதாரணி பேச வந்தாள்.

இப்போது அவள் எதையும் விடவில்லை. “சுருளிவேல் தோட்டத்துல கூலி கொறைவு,” என்றாள். “எலக்சன்ல நான் அதைச் சொல்லல. ஜீப்ப மட்டும் சொன்னேன். சொல்லாம விட்டது என் தப்பு. இன்னிக்குச் சொல்றேன்.” யாருடைய தோட்டம், என்ன கூலி, ஜீப்புச் செலவைக் கூலியில் யார் பிடித்துக்கொள்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக, பெயர் சொல்லிப் பேசினாள். பெண்கள் முதலில் தயங்கினார்கள். முதலாளி பெயரை மைக்கில் சொல்லிக் கேட்டு அவர்களுக்குப் பழக்கமில்லை. ஒருத்தி எழுந்து போனாள். மற்றவர்கள் இருந்தார்கள். பேசப் பேசக் குனிந்திருந்த தலைகள் நிமிர்ந்தன. பிறகு ஒருத்தி எழுந்து, தன் தோட்டத்துக் கூலியைத் தானே சொன்னாள். இன்னொருத்தியும் எழுந்தாள்.

அருள்மொழிக்கு நெஞ்சுக்குள் அந்தப் பழைய எரிச்சல் கொஞ்சமும் குறையாமல் எழுந்தது. அவள் நிறுத்திப் பேசினாலும் வருகிறது, நிறுத்தாமல் பேசினாலும் வருகிறது. ‘தமிள்நாடு’ என்று அவள் சொன்னபோது அவன் உதடு தானாக அதைத் திருத்தியது. முந்தலில் எல்லார் முன்னாலும் கொட்டித் தீர்த்ததோடு இது போய்விடும் என்று நினைத்திருந்தான். போகவில்லை.

கூட்டம் முடிந்து பானுப்பிரியா வந்தாள். கைதட்டியதில் உள்ளங்கை சிவந்திருந்தது.

“நல்லாப் பேசுறால்ல?”

“ம்,” என்றான். வண்டியை ஸ்டார்ட் செய்தான். கொஞ்ச தூரம் போன பிறகு, “பேரெல்லாம் சொல்லும்போது கொஞ்சம் மெதுவாச் சொல்லலாம். பின்னால நிக்கிறவனுக்குக் கேக்கல,” என்றான்.

“நீங்க போய்ச் சொல்லுங்க அவகிட்ட.”

மார்க்கெட்டு முக்கில் லோடு வண்டி ஒன்று குறுக்கே நின்றது. அது நகரும் வரை ஒரு காலை ஊன்றி நின்றான்.

“சொல்றேன்,” என்றான் பிறகு. “என்னைக்காவது கேட்டா.”